வானத்தின் மேல் பழி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களை லாரி டிரைவர்கள் இரண்டாகத்தான் பிரிப்பார்கள்: போடுகிறவர், வைக்கிறவர். போடுகிறவர் கன்டெய்னரை வண்டியில் இறக்கினால் டிரைவருக்குப் பல் ஆடும். வைக்கிறவர் இறக்கினால், வண்டி லேசாக அமுங்குவதை வைத்துத்தான் சரக்கு வந்துவிட்டது என்றே தெரியும். வைக்கிறவர்களிலும் ஒருவருக்கு மட்டும் பட்டப்பெயர் இருந்தது. முதலில் பஞ்சுக் கை என்றார்கள். நாளாவட்டத்தில் கை போய்ப் பஞ்சு மட்டும் நின்றது. சம்பளம் போடும் அறையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பஞ்சுவின் கேபின் எட்டு மாடி உயரத்தில் தொங்கியது. காலுக்கடியில் கண்ணாடித் தரை. பகல் முழுக்கக் குனிந்தபடி கீழே பார்த்துக்கொண்டே இருப்பதால் அவருடைய கழுத்து ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. "ஊர்ல யாருக்கு வழுக்கை எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு என்னைக் கேளு, அவங்க பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது" என்பார். ஹெல்மெட்டைக் கழற்றித் தலை துடைக்கிறவர்களை மேலிருந்து பார்த்துப் பார்த்து வந்த ஞானம் அது.

அவருக்கு ஒரே தங்கை. வயது வித்தியாசம் அதிகம். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவளுக்கு அவர் பாதி அண்ணன், பாதி அப்பா. மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் இடத்தில் அவளுக்கு இஸ்திரி மேசையில் வேலை. அவள் புருஷன் தொலைதூர லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். ஒருநாள் தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்து அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"ரோட்டுல போற மனுஷனை நெனச்சா ராத்திரி தூக்கமே வரலை அண்ணா. உன் துறைமுகத்துல இவருக்கு ஏதாவது பார்த்துக் குடேன்."

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? என் கிரேனுக்குக் கீழேயே போடச் சொல்றேன். நாள் பூரா என் கண்ணு முன்னாடி இருப்பான். போதுமா?"

சொன்னபடியே செய்தார். மாப்பிள்ளைக்குத் தரையில் நின்று சைகை காட்டும் வேலை கிடைத்தது. கன்டெய்னரை எங்கே இறக்க வேண்டும், வண்டி நேராக நிற்கிறதா, கன்டெய்னரைப் பிடித்துக்கொள்ளும் வண்டியின் மூலைப் பூட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்து வாக்கி-டாக்கியில் மேலே சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு வாய் சும்மா இருக்காது. "மச்சான், கீழே வெயில் கொளுத்துது, மேலே ஏசி எப்படி இருக்கு? தங்கச்சி புருஷனுக்கு ஒரு துண்டுக் காத்தை அனுப்பக் கூடாதா?" என்பான். "வேலையைப் பாரு மாப்ள, எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க" என்று பஞ்சு அதட்டுவார். மற்ற கிரேன்காரர்களும் அதே அலைவரிசையில்தான் இருந்தார்கள். மாப்பிள்ளை விடுப்பில் போன நாளில் துறைமுகமே ஊமையாகிவிட்டது என்பார்கள்.

அது நடந்தது ஒரு நண்பகலில். காற்றில்லை, மழையில்லை. கன்டெய்னர் வண்டிக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நின்றது. ஒரு மூலைப் பூட்டு திரும்பாமல் சிக்கிக்கொண்டிருப்பதை மாப்பிள்ளை பார்த்தான்.

"அப்படியே பிடி மச்சான். ஒரு தட்டு தட்டிட்டு வந்துடறேன்."

"பிடிச்சிருக்கேன். போ."

பஞ்சு கைப்பிடியை நடுவில் விட்டு, கையை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நடுவில் விட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். ஆயிரம் தடவை செய்ததுதான். கண்ணாடி வழியே மாப்பிள்ளையின் மஞ்சள் ஹெல்மெட் வண்டியின் ஓரத்தில் ஏறுவது தெரிந்தது. கையில் சுத்தியல். அவன் குனிந்தான். கன்டெய்னர் இறங்கியது.

விழவில்லை, இறங்கியது. முழு வேகத்தில், யாரோ உத்தரவு கொடுத்ததுபோல. பஞ்சு சிவப்புப் பொத்தானை அறைந்து நிறுத்தியபோது இறங்குவதற்கு மேற்கொண்டு இடம் இல்லை. மஞ்சள் நிறம் எங்கும் தெரியவில்லை.

ஏணியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கு நினைவில்லை. தரைக்கு வந்தபோது நாலு பேர் அவரை மறித்துக்கொண்டார்கள். "பார்க்க வேணாம்ப்பா" என்று ஒரு டிரைவர் அவர் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார். டீசல் வாடை அடித்த அந்தச் சட்டை மட்டும் அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

தங்கை அழுது ஓய்ந்து, எல்லோரும் கலைந்து போன பிறகு, அவரைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"நீ மேலதானே அண்ணா இருந்தே?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். மேலே இருந்தவனுக்குத் தெரியாமல் கீழே என்ன நடந்துவிடும் என்பதுதான் கேள்வி.

துறைமுகத்தில் விசாரணை வைத்தார்கள். சூப்பர்வைசர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"மெஷின்ல 'இறக்கு'ன்னு உத்தரவு போயிருக்கு. மெஷின் தானா எதுவும் செய்யாது. யார் கொடுத்தது?"

"நான் கொடுக்கலை. என் கை முழங்கால் மேல இருந்துச்சு."

"முழங்காலா உத்தரவு கொடுத்துச்சு?"

விசாரணை முடியும்வரை கிரேனில் ஏற வேண்டாம் என்று பஞ்சுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். நெற்றி சுருங்கிய, அதிகம் சிரிக்காத பெண். பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், கைப்பிடியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். எதிலும் பழுதில்லை. கிரேனை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டதும் அது சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக வேலை செய்தது. பல வாரங்கள் கழித்துப் பஞ்சுவை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். மேசை மேல் பாதி குடித்த டீ ஆறிக் கிடந்தது.

"கையால தள்ளினா வேகம் படிப்படியாத்தான் ஏறும். எவ்வளவு வேகமா தள்ளினாலும் இடையில ஒரு படியாவது பதிவாகும். இங்க பூஜ்யத்துலேர்ந்து நேரா கடைசிப் படிக்குப் போயிருக்கு. கை செஞ்ச மாதிரி எனக்குத் தோணலை."

பஞ்சுவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. "அப்போ யாரு மேடம்?"

பொறியாளர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"சொன்னா சிரிப்பீங்க. அந்தப் பெட்டி பழசு. அதோட மெமரியில எல்லாமே ஒண்ணு, இல்லைன்னா பூஜ்யம். அதுல ஒரே ஒரு பூஜ்யம் ஒண்ணா மாறிட்டா 'நில்லு'ங்கறது 'இறக்கு'ன்னு ஆயிடும். புதுப் பெட்டிகள்ல ரெண்டு மூணு தடவை சரிபார்த்துத்தான் செய்யும். இதுல அது கிடையாது."

"தானா எப்படி மாறும்?"

"எங்கேயோ தூரத்துல நட்சத்திரம் வெடிக்குது. அதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கிளம்பி, எத்தனையோ வருஷம் பயணம் பண்ணி வருது. பூமிக்கு மேல இருக்கிற காத்துல மோதிச் சிதறி மழையா இறங்குது. இப்போகூட உங்க உள்ளங்கை வழியா, என் வழியா, இந்த மேசை வழியா போயிட்டுத்தான் இருக்கு. நமக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா எப்போவாவது ஒண்ணு, படாத இடத்துல பட்டுதுன்னா மெமரியில ஒரு எழுத்து புரண்டுடும். பெட்டியை அணைச்சுப் போட்டா பழையபடி சரியாயிடும். தடயமே இருக்காது."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"இதுவா இருக்கலாம்னு எழுதுவேன். இதுதான்னு எழுத முடியாது." பிறகு சேர்த்துக்கொண்டார்: "இதே பழைய பெட்டி உங்க துறைமுகத்துல எல்லா கிரேன்லயும் இருக்கு. அதையெல்லாம் மாத்தணும்னு கண்டிப்பா எழுதுவேன்."

பஞ்சு அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்கு ஓடினார். நடந்து போயிருந்தால், என்ன சொல்லப் போகிறோம் என்று யோசித்திருப்பார். தங்கை தரையில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் சட்டைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினார். நட்சத்திரம், வெடிப்பு, துகள், பூஜ்யம், ஒண்ணு. பொறியாளர் வாயிலிருந்து வந்தபோது நம்பும்படி இருந்த விஷயம், அவர் வாயில் கதைபோல் ஆனது அவருக்கே கேட்டது.

தங்கை ஒரு சட்டையை மடித்து முடித்தாள்.

"வானத்துலேர்ந்து வந்துச்சா?"

"அந்த மேடம்தான் சொன்னாங்க. படிச்சவங்க."

"நீ தப்பு பண்ணிட்டேன்னு வந்து நில்லு அண்ணா. நாலு அடி அடிப்பேன், அழுவேன், ஒருநாள் இல்லைன்னா ஒருநாள் மன்னிச்சிடுவேன். நீ என் அண்ணன். வானம் பண்ணுச்சுன்னா நான் யாரைப் போய் அடிக்கிறது? யாரை மன்னிக்கிறது?"

தங்கை மகள் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா" என்று கூப்பிடப் போய், அம்மாவின் முகத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நட்சத்திரச் செய்தி துறைமுகத்துக்குப் போனதும் பஞ்சு என்ற பெயர் ஒரே வாரத்தில் மறைந்தது. புதுப் பெயர் ஆகாசம். லாரி பஞ்சரானால் ஆகாசம். கழிவறைக் குழாய் ஒழுகினால் ஆகாசம். சீட்டாட்டத்தில் தோற்றவன், "என் கையில நல்ல சீட்டுதான் இருந்துச்சு, ஆகாசத்துலேர்ந்து என்னமோ வந்து மாத்திடுச்சு" என்பான். யாரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை. செத்தவனை அவர்களுக்கும் பிடிக்கும். சிரிக்காமல் அந்தக் கிரேனுக்கு அடியில் மறுபடி போய் நிற்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் அவர் மனைவி வேறொன்றைக் கவனித்தாள். சாப்பிட உட்கார்ந்தால் அவர் வலது கையை மேசை மேல் வைத்து வைத்து எடுத்தார். நடுவில் விடுவது, கையை எடுப்பது, முழங்காலில் வைப்பது. மறுபடியும் நடுவில் விடுவது.

"சோறு ஆறுதுங்க."

"எடுத்தேன்ல? நான் கையை எடுத்தேன்தானே?"

"எடுத்தீங்க."

"நீ பார்த்தியா?"

அவள் எப்படிப் பார்த்திருப்பாள்? அவர் பார்த்தாரா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது. கண் மாப்பிள்ளையின் ஹெல்மெட் மேல் இருந்தது. கையை யார் பார்த்தார்கள்? சட்டை விளிம்பு கைப்பிடியில் மாட்டியிருந்தால்? முழங்கால் இடித்திருந்தால்? நினைக்க நினைக்க, ஒவ்வொரு முறையும் கை வேறொரு இடத்தில் இருந்தது.

பொறியாளரை மறுபடி தேடிப் போனார். அவருடைய நிலையைப் பார்த்து இரங்கிய பொறியாளர், ஒரு மதியம் தான் படித்த கல்லூரிக்கு அழைத்துப் போனார். சோதனைக்கூடத்தில் மீன்தொட்டி போன்ற ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அடியில் உலர் பனிக்கட்டி, உள்ளே சாராய ஆவி, ஒரு பக்கத்திலிருந்து விளக்கு. ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார்.

"கொஞ்சம் பொறுங்க. துகள் போற வழி இதுல கோடாத் தெரியும். கண் பழகட்டும்."

முதலில் வெறும் புகைமூட்டம். பிறகு ஒரு வெள்ளை நூல் குறுக்கே ஓடி மறைந்தது. இன்னொன்று. தடித்த குட்டை நூல் ஒன்று. நீளமாக, மயிரிழைபோல ஒன்று. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும், ஓசையில்லாமல், எதையும் சட்டை செய்யாமல் வந்தன. பஞ்சு பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார். கைக்கு அடியிலும் நூல்கள் ஓடின.

"இதுல எது மேடம்?"

"எதுவும் இல்லை. இதுல கொஞ்சம்தான் வானத்துலேர்ந்து வர்றது. மிச்சமெல்லாம் இந்தச் சுவர்லேர்ந்தும் மண்ணுலேர்ந்தும் வருது. நான் சொன்னது பெரும்பாலும் வேற வகை. அது போற வழியில கோடுகூடப் போடாது."

"கோடுகூடப் போடாதா?"

"போடாது."

அவர் வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொன்றவன் முகத்தைப் பார்க்கலாம் என்று வந்தவருக்கு, அவனுடைய தூரத்து உறவுக்காரர்களைக் காட்டியதுபோல் இருந்தது. கோபப்படக்கூட அதில் இடமில்லை. அந்த நூல்களுக்கு மாப்பிள்ளை என்று ஒருவன் இருந்ததே தெரியாது. எந்தக் காலத்திலோ கிளம்பின. கிளம்பியபோது துறைமுகம் இல்லை, கிரேன் இல்லை, மனிதனே இருந்தானோ என்னவோ.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வானத்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. தங்கைக்கு வேண்டியது ஓர் ஆள். நிற்க வைத்து அடிக்க, பிறகு ஒருநாள் மன்னிக்க, ஓர் ஆள். அந்த ஆளாக நின்றுவிடுவது அவ்வளவு கஷ்டமா? ஒருவேளை அதுவே உண்மையாகவும் இருக்கலாம்.

மறுநாள் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில் பின்வாசலில், வெந்நீர்க் குழாயின் பக்கத்தில், தங்கை தனியாக உட்கார்ந்திருந்தாள். நீராவியில் நாளெல்லாம் நின்று அவள் முகம் ஊறிப்போயிருந்தது.

"என் கைதான்மா" என்றார். "தூக்கக் கலக்கத்துல இருந்தேன். கை பட்டுடுச்சு. நான்தான் உன் புருஷனைக் கொன்னேன்."

அவள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவர் எதிர்பார்த்தபடி அவள் எழுந்து அடிக்கவில்லை. கூர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நட்சத்திரம் கிட்சத்திரம்னு வந்து சொன்னியே, அது?"

"பயத்துல சொன்னேன்."

"அந்தப் பொம்பளையையும் நம்ப வச்சியா?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. "ம்" என்றார்.

"அவர் சட்டையை மடிச்சுட்டு இருந்தேன். என் முன்னாடி நின்னு, கண்ணைப் பார்த்துக் கதை சொன்னே. அதைக் கேட்டுட்டு, அன்னிக்கு நீ போனப்புறம் நான் மொட்டை மாடிக்குப் போயி வானத்தைப் பார்த்துட்டு நின்னேன் அண்ணா. பைத்தியக்காரி மாதிரி. நெஜமா இருக்குமோன்னு." அவள் குரல் உயரவே இல்லை. "கை தவறினதுக்கு மன்னிச்சிருப்பேன். சத்தியமா மன்னிச்சிருப்பேன். இதுக்கு எப்படி மன்னிக்கிறது?"

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இனிமே என் வாசப்படி மிதிக்காதே."

மணி அடித்தது. அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஓடிப்போய் உண்மையைச் சொல்லலாம். எதை உண்மை என்று சொல்வது?

தங்கை துறைமுகத்துக்குப் போய், அண்ணன் ஒப்புக்கொண்டதைச் சொல்லிவிட்டாள். நிர்வாகம் காத்துக்கொண்டிருந்ததுபோல் உடனே கோப்பை மூடியது. கிரேன்காரரின் கவனக்குறைவு. அவருடைய உரிமத்தை எடுத்துக்கொண்டார்கள். அது அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பாதித்தது, பொறியாளர் வீடு தேடி வந்தபோதுதான். அந்த அம்மாள் வாசலிலேயே நின்றார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மனசுல இருந்ததைச் சொன்னேன் மேடம்."

"பொய். அப்படி ஒரே தாவலா வேகம் கையால ஏறாது. உங்களுக்கும் தெரியும்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மத்த கிரேன் பெட்டியையெல்லாம் மாத்தச் சொல்லி எழுதியிருந்தேன். நீங்க ஒப்புக்கிட்டதால அதைக் குப்பையில போட்டுட்டாங்க. மெஷின்ல கோளாறே இல்லைன்னு ஆயிடுச்சு. எல்லா கிரேனும் அதே பெட்டியோடதான் ஓடுது."

பஞ்சு கதவைப் பிடித்துக்கொண்டார். இது அவர் மூளையில் உதிக்கவே இல்லை. தங்கைக்கு ஓர் ஆளைக் கொடுக்கப் போய், கீழே நிற்கிற அத்தனை பேரின் தலை மேலும் அந்த ஆபத்தைத் தானே தொங்கவிட்டிருக்கிறார்.

அன்றே துறைமுகத்துக்கு ஓடினார். சூப்பர்வைசர் முன்னால் நின்று, சொன்னது பொய், தங்கைக்காகச் சொன்னது என்றார். சூப்பர்வைசர் கெட்டவரல்ல. நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"முதல்ல ஆகாசம்னே. அப்புறம் கைன்னே. இப்போ மறுபடியும் ஆகாசமா? நாளைக்கு என்ன சொல்லுவே? போய் ரெஸ்ட் எடுப்பா."

"பெட்டியை மட்டும் மாத்திடுங்க சார். என்னை எது வேணா பண்ணுங்க."

"போய் ரெஸ்ட் எடு."

அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பொறியாளரும் இரண்டு முறை எழுதிப் பார்த்தார்; பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். தங்கை வீட்டுக்கு மனைவியை அனுப்பினார். அவளைத் தங்கை உட்கார வைத்துப் பேசினாள். அண்ணி மேல் அவளுக்கு ஒன்றுமில்லை. "அவர் சொன்னது பொய்யாம், உனக்காகத்தான் பழியை ஏத்துக்கிட்டாராம்" என்று அண்ணி சொன்னதும், "எத்தனையாவது கதை அண்ணி இது?" என்று மட்டும் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போது அவர் ஒரு பர்னிச்சர் கிடங்கில் வாசல் காவல். மதிய இடைவேளையில் சாப்பாட்டைப் பிரிக்காமல் துறைமுகத்தின் வெளிச்சுவர் ஓரமாக நடந்துபோய், கம்பிவேலி உள்ள இடத்தில் நிற்பார். அங்கிருந்து நாலைந்து கிரேன்கள் தெரியும். கன்டெய்னர்கள் ஏறும், இறங்கும். அவற்றுக்கு அடியில் மஞ்சள் ஹெல்மெட்டுகள் சர்வசாதாரணமாக நடமாடும். யாராவது ஒருவன் குனிந்து பூட்டைத் தட்டுவான்.

"தள்ளி நில்லுப்பா" என்று அவர் கத்துவார். "அடியில நிக்காதே, தள்ளி நில்லு."

இன்ஜின் இரைச்சலில் அவர்களுக்குக் கேட்காது. கேட் செக்யூரிட்டி முதலிலெல்லாம் வந்து விரட்டினார். இப்போது அவரும் வருவதில்லை. கன்டெய்னர் பத்திரமாக வண்டியில் உட்காரும், ஹெல்மெட்காரன் நிமிர்வான், அடுத்தது இறங்கத் தொடங்கும். பஞ்சு கம்பியைப் பிடித்தபடி மறுபடியும் கத்துவார்.